எட்டு மணி மாத்திரை

கணவரின் கால் பெருவிரல்களில் தளர்ந்துபோன துணிக்கட்டைக் கிருஷ்ணவேணி இறுக்கிக்கொண்டிருந்தபோது மில் சங்கு ஊதியது. மணி எட்டு. அவள் கை அப்படியே நின்றது.

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அப்படியே போய்விட்ட மந்திரமூர்த்தி, நாலு வருஷமாக இந்தச் சங்கு ஊதாமல் வீட்டைவிட்டு நகர்ந்ததில்லை. தங்கச்சி மகள் காளீஸ்வரிக்கு மாத்திரை கொடுத்து, முழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார். லாரி ஓட்டிய அப்பனையும் அம்மாவையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு போன எச்ஐவி, பிறக்கும்போதே இந்தப் பிள்ளையின் ரத்தத்திலும் இருந்தது. ஊருக்குச் சொன்னது மூச்சு இளைப்பு என்று. சொன்னவர் அவர், அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தவள் இவள். காத்துக் காத்து அலுத்துவிட்டது. பிள்ளையை அவள் அடித்ததுமில்லை, அணைத்ததுமில்லை.

காளீஸ்வரி சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணவேணி கிட்டே போய்க் குனிந்தாள்.

"ஏட்டி, மாத்திரை போட்டியா?"

"வேண்டாம் அத்தை."

"ஏன்?"

"மாமாவுக்காவத்தான் முழுங்குனேன். இனி யாருக்கு?"

பதினாறு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? போகட்டும், ஒரு பாரம் தொலையட்டும் என்றும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்குக் கூசிப்போனாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சொன்னதை மாசாமாசம் அவர் வந்து சொல்வார். கேட்காததுபோல் அரிசி புடைத்துக்கொண்டே எல்லாம் கேட்டிருக்கிறாள். வெறும் வயிற்றில் போட்டால் பிள்ளைக்குக் குடலைப் புரட்டும். பானையில் கிடந்த பழையதையும் சாவு வீடென்று யாரோ கொட்டிவிட்டார்கள்.

அடுப்படிக்குப் போய்த் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"ஏ வேணி, என்ன காரியம் செய்யுதே?" பக்கத்து வீட்டுப் பொன்மணி பதறி ஓடிவந்தாள். "நடுவீட்டுல பொணம் கெடக்கு. ஒம் மகன் திருப்பூர்லருந்து இன்னும் வந்து சேரல. எடுக்குமுன்ன அடுப்பு பத்தவைக்கலாமா?"

"பிள்ளைக்கு மாத்திரை போடணும்க்கா."

"இளைப்பு மாத்திரைதான? போடலைன்னா செத்தா போயிருவா?"

நடுவீட்டில் ஒப்பாரி நின்றுபோயிருந்தது. பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கிருஷ்ணவேணி சட்டியில் ரவையைக் கொட்டிக் கிண்டினாள்.

"ஆமாக்கா," என்றாள். "செத்துப்போயிருவா. அது இளைப்பு மாத்திரை இல்ல."

பொன்மணி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிருஷ்ணவேணி கணவரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தாள். எடுப்பது இதுதான் முதல் தடவை. மூடி எந்தப் பக்கம் திருகும் என்றுகூடத் தெரியவில்லை. தட்டோடு போய், எல்லோரும் பார்க்கப் பிணத்தின் பக்கத்திலேயே பிள்ளைக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"தின்னு."

காளீஸ்வரி அழுதுகொண்டே நாலு வாய் தின்றாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகன் வந்துவிட்டான் என்று பெண்கள் எல்லோரும் ஓவென்று அழுதபடி எழுந்து ஓடினார்கள். கிருஷ்ணவேணி திரும்பவில்லை.

"வாயத் தொற," என்றாள். "நாக்கத் தூக்கு."