ஏழாம் தட்டு

இசை விமர்சகரின் முன்பற்கள் இரண்டும் போனது ஒரு பியானோ சொனாட்டாவைக் கேட்டதில்தான். அதன் கடைசிப் பாகத்தில் இரண்டு கைகளும் சேர்ந்து இறங்கும் ஓர் இடம் உண்டு. வாசித்தவர் கெட்டிக்காரர் என்றால் அந்த அடி ஒலிபெருக்கியைத் தாண்டி வந்து விழும். சுமாரான வாசிப்பு காதைத் திருகுவதோடு விட்டுவிடும். இசைத்தட்டைப் போடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. எடைபோட உட்கார்ந்தவருக்கே விழும். பத்திரிகையில் பல பதிவுகளை ஒப்பிடும் அவர் கட்டுரை வரப்போகிறதென்றால் கீழ்வீட்டு எலும்பு டாக்டர் மாவுக்கட்டுக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்.

தட்டைப் போடுவது மனைவியின் வேலை. பெயர் தெரிந்தால் தீர்ப்பு சாய்ந்துவிடும் என்று விமர்சகர் நடுவில் திரை கட்டியிருந்தார். அவள் எண்ணை மட்டும்தான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவளும் இதே சொனாட்டாவைப் பதிவு செய்தவள்தான். 'இந்தக் கைகளுக்கு ஈ அடிக்கவும் தெம்பில்லை, காதைக்கூடத் திருகவில்லை' என்று எழுதியவர் இதே மனிதர். எழுதிய சூட்டோடு பெண் கேட்டும் வந்தார். அவர் காதை அவள் அவ்வளவு நம்பினாள். பியானோவை மூடிவிட்டுக் கழுத்தை நீட்டினாள். ஆனாலும் அந்த வரி உள்ளே முள்ளாகவே கிடந்தது.

இந்த முறை ஆறு தட்டுகள். இரண்டாமவர் பெடலை அமுக்கி எல்லாவற்றையும் கூழாக்கியிருந்தார். கன்னத்தில் ஓர் அறை, அவ்வளவுதான். நான்காவது, தலைதெறிக்க ஓடிய வாசிப்பு, மூக்கை உடைத்தது. ஆறாவது இடது மணிக்கட்டை முறித்தது. அதற்கே முதலிடம் என்று விமர்சகர் எழுந்தார்.

"உட்காருங்க, இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

ஏழாவதின் மெதுவான பாகத்தில் ஒவ்வொரு சுரமும் மூச்சைப் பிடித்து நின்று விழுந்தது. கடைசிப் பாகத்தில் அடி இறங்கியபோது விமர்சகர் நாற்காலியோடு சுவரில் போய் மோதினார். மூன்று விலா எலும்புகள், ஒரு தோள்பட்டை. திரையெல்லாம் ரத்தம். மனைவிக்குச் சந்தோஷம் பொங்கியது. கொஞ்சம் வெட்கப்பட்டாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

"இதுதான்... இதுக்கு மேல எதுவும் இல்ல" என்றார், தரையில் கிடந்தபடி. "யாரு?"

"நான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று இதே தட்டை அவர் கேட்டிருந்தால் அன்றே விலா போயிருக்கும்.

"அப்போ நீங்க கேக்கவே இல்லையா?"

"உறையில உன் படம் இருந்துச்சு. கை ரொம்பச் சின்னதா..."

அவள் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் மறுபடி வைத்தாள். மிச்சமிருந்த தோள்பட்டையும் போயிற்று. டாக்டர் கூப்பிடாமலே படியேறி வந்தார்.

கட்டுகள் பிரிய நான்கு மாதமாயிற்று. பிரித்த அன்று காலை அவள் பியானோவைத் திறந்து தூசி தட்டினாள். நேரில் வாசித்தால் எந்த எலும்பு போகும் என்பது டாக்டருக்கே தெரியாது. விமர்சகர் திரையை அவிழ்த்து மடித்து வைத்தார். பிறகு நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.