ஆறு கொக்கு கடையின் முதல் போணி

வியட்நாமின் நாம் தின் நகரத்தில் உள்ள 'ஆறு கொக்கு' மின்சாதனக் கடைக்கு மேனேஜரான நாளிலிருந்து லுவான் சிரிப்பதைக்கூடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சிரித்தான். ஹனோயில் வாடிக்கையாளர் சேவைப் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும் ஒரு தடித்த கையேடும் வாங்கி வந்திருந்தான். சான்றிதழை மாட்ட நல்ல இடம் வேண்டியிருந்ததால், மூலையில் தொப்பையோடு உட்கார்ந்திருந்த செல்வ தெய்வம் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பின்னால் குடியேற வேண்டியதாயிற்று. காலையில் தெய்வத்துக்கு வைக்கும் காப்பியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தும்படி லுவானும் சொல்லவில்லை.

வாசலுக்கு நேரே அவனுடைய மூளையில் பிறந்த பலகை தொங்கியது: 'ஒரே விலை. ஒரே புன்னகை. பேரம் இல்லை.' அதைப் பார்க்க இன்று தலைமை அலுவலகத்திலிருந்து காம் மேடம் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் கம்பெனியின் எல்லாக் கடைகளிலும் அதே பலகை, லுவான் வட்டார மேலாளர். பிடிக்காவிட்டால் பழையபடி குடோனில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

கதவு திறந்ததும் உள்ளே வந்தவள் லியூ அக்கா. எதிர்ச் சந்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். நேராகப் போய் ஒரு நிற்கும் மின்விசிறியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்து கல்லாவில் வைத்தாள். விசிறியில் தொங்கிய சீட்டு ஐந்நூற்றுத் தொண்ணூறாயிரம் டோங் என்றது. கல்லாக் கணினி அறுநூற்றுத் தொண்ணூறாயிரம் என்றது.

"சீட்டுல ஒண்ணு, பெட்டிக்குள்ள ஒண்ணா?" என்றாள் லியூ. "நான் பேரம் பேச வரல தம்பி. எழுதின விலையைத்தான் குடுக்கறேன்."

லுவான் கல்லாப் பெண் தோவாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "சலுகை நேத்தோட முடிஞ்சுதே. சீட்டை மாத்தச் சொன்னேன்ல?"

"மாசப் பிறப்புண்ணே. போணிக்கு முன்னாடி விலையை ஏத்தினா விளங்குமா? போணி ஆகட்டும், மாத்தலாம்னு வெச்சிருந்தேன்."

"நாம நவீனக் கடைம்மா. போணியாவது கீணியாவது."

கையேட்டில் சச்சரவைத் தீர்க்க ஏழு படிகள் இருந்தன. லுவான் முதல் படியில் காதுகொடுத்துக் கேட்டான். இரண்டாவதில் தலையாட்டினான். மூன்றாவதில், "உங்க மனவருத்தம் எனக்குப் புரியுதுக்கா" என்றான்.

"எனக்கு வருத்தமே இல்ல. விசிறிதான் இல்ல."

நான்காவதில் மன்னிப்புக் கேட்டான். ஐந்தாவதில், இப்படி ஒரு தவறைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி சொன்னான்.

"தப்புன்னு நீயே சொல்லிட்ட. அப்ப அஞ்சு தொண்ணூறு."

"இல்லக்கா, ஆறு தொண்ணூறு. ஆனா அதைப் புன்னகையோட சொல்றேன்."

லியூ அவன் புன்னகையை ஏற இறங்கப் பார்த்தாள். விசிறியைத் தரையில் இறக்கினாள். "அதை வெச்சே காத்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தோவா தலையில் கை வைத்துக்கொண்டாள். சந்திர மாதப் பிறப்பன்று முதலில் வாசல் மிதித்த காலே வாங்காமல் திரும்பிவிட்டது. இனி பௌர்ணமி வரை ஈதான் ஓட்ட வேண்டும். வாசல் காவலாளி பாங் மாமா இதற்கெல்லாம் பரிகாரம் தெரிந்தவர். காகிதம் கொளுத்தி வாசலில் ஆட்டினால் கெட்ட கால் ஓடிவிடும். ஆனால் ரசீது முதல் ராஜினாமா வரை எல்லாம் செல்போனில் நடக்கிற கடை அது. கைக்குக் கிடைத்த ஒரே காகிதம் லுவானின் கையேடு.

அந்த நேரம் பார்த்து லுவானின் போன் அடித்தது.

"லுவான், தெருமுனையில கார்லதான் இருக்கேன்" என்றார் காம் மேடம். "போணி ஆயிடுச்சா?"

லுவானுக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம். "மேடம்?"

"எனக்குக் கால் ராசி கிடையாதுப்பா. போன மாசப் பிறப்புல ஒரு கடைக்குள்ள முதல் ஆளா நுழைஞ்சுட்டேன். பொழுது சாயற வரைக்கும் ஒரு பேட்டரி கூட விக்கல. போணி ஆனதும் சொல்லு, வரேன்."

வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர் காம் மேடம். லுவான் பலகையைப் பார்த்தான். பலகை அவனைப் பார்த்துப் புன்னகைத்தது. வாசலில் பாங் மாமா ஏழு படிகளுக்கும் தீ வைத்து, "நல்ல காலு நில்லு, கெட்ட காலு ஓடு" என்று ஆட்டிக்கொண்டிருந்தார். புகை மேலே போனது. கூரையிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது.

கடையில் தீ என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்? காப்பிக் கடையில் சதுரங்கம் ஆடியவர்கள், நூடுல்ஸ் கிண்ணத்தோடு பாதியில் எழுந்தவர்கள், தலையில் சாயம் காயாத பெண் ஒருத்தி என்று தெருவே திரண்டது. எல்லோருக்கும் முன்னால் லியூ அக்கா நின்றாள். எரியும் காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"என் காலுக்கா நெருப்பு? எழுதின விலையைக் குடுக்கறேன்னவளுக்கு இதுவா மரியாதை?"

லுவான் ஓடிவந்தான். "அக்கா, அஞ்சு தொண்ணூறுக்கே எடுத்துக்கோங்க."

"அது என்னைக் கொளுத்தறதுக்கு முந்தின விலை தம்பி."

"இப்ப என்ன விலை?"

"அஞ்சு. தொண்ணூறு கிடையாது. அந்த வெந்நீர்க் கெண்டி சும்மா. அப்புறம், லியூ அக்காவுக்கு நல்ல காலுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்."

போன் மறுபடி அடித்தது. லுவான் அதைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். "லியூ அக்காவுக்கு நல்ல காலு."

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கலயாம்."

இரண்டாம் முறை சந்து முனை வரை கேட்டது. போணி ஆயிற்று. லுவான் நெற்றியைத் துடைத்து மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், தெரு உள்ளே வந்திருந்தது. உச்சி வெயில் காலம், வந்த தீயும் அணைந்துவிட்டது, சும்மா திரும்ப யாருக்கு மனம் வரும்?

"எனக்கும் அஞ்சுக்கு ஒண்ணு குடுப்பா" என்றார் சதுரங்கக்காரர்.

"ஐயா, அது போணி விலை. உங்களுக்கு ஆறு தொண்ணூறு."

அவர் பலகையை நிதானமாக, எழுத்தெழுத்தாகப் படித்தார். "ஒரே விலைன்னு போட்டிருக்கே. அந்த அம்மாவுக்கு அஞ்சுன்னா எனக்கும் அஞ்சுதானே?"

"பேரம் இல்லைன்னும் போட்டிருக்கு" என்றாள் சாயத் தலைக்காரி. "அப்ப நீ ஏன் பேரம் பேசற?"

லுவானுக்கு ஆறாம் படி ஞாபகம் வரவில்லை. அதைத்தான் கொளுத்தியாயிற்றே.

காம் மேடம் நுழைந்தபோது கடை கொள்ளாத கூட்டம். ஒருவரும் வாய் திறக்காமல் ஒரே தொகையை நீட்டி ஆளுக்கொரு விசிறியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடம் அசந்துபோனார். "லுவான், ஒரு ஆள் கூடப் பேரம் பேசலையே. இந்தப் பலகையை எல்லாக் கடையிலயும் மாட்டிடலாம். எனக்கும் ஒரு விசிறி எடுத்து வை, என்ன விலை?"

"ஒரே விலைதான் மேடம்" என்றான் லுவான். "அஞ்சு."

"நாம வாங்கினதே அஞ்சு அறுபதுக்காச்சே."

லுவானின் புன்னகை அப்படியே உறைந்து நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வாங்கறதுன்னா வாங்குங்கம்மா, நாங்க நிக்கறோம்ல" என்றது. மேடம் கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் கிடந்த சாம்பலைப் பார்த்தார். அதைத் தாண்டி வந்த தன் செருப்பையும் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"எல்லாம் என்னாலதான்" என்றார், மெல்லிய குரலில். "சொன்னேன்ல, எனக்குக் கால் ராசி கிடையாதுன்னு. போணிக்கு அப்புறம் வந்தும் விடமாட்டேங்குது பாரு."

லுவான் கையேட்டின் இரண்டாம் படியின்படி தலையாட்டினான். பிறகு மூன்றாம் படிக்கும் ஏறினான்.

"உங்க மனவருத்தம் எனக்குப் புரியுது மேடம்."