முத்திரையின் புலிப் பக்கம்

"உன் இடுப்பெல்லாம் ஏண்டி மண்ணா இருக்கு?" என்றாள் ஓரகத்தி லியாவ்.

ஷுன் குனிந்து பார்த்தாள். இடுப்பு நாடாவில் தொங்கிய வெண்கல முத்திரையின் புலிப் பக்கத்தில் களிமண் அப்பியிருந்தது. மறுபக்கத்துக் காட்டுவாத்து சுத்தமாக இருந்தது.

"அக்கா, மாத்தி அழுத்திட்டேன்."

எல்லைக் காவலில் இருந்த அவள் புருஷன் தெங்குக்கு எழுத்து தெரியாது. படித்துச் சொல்கிற மேலாளோ, ஆளைப் பிடித்து வைக்க எதையும் சொல்வான். அதனால் போகும்போதே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கடிதக் கட்டின் முடிச்சில் வைக்கும் களிமண்ணில் வாத்து பதிந்திருந்தால், வீட்டுக்கு வா. வடக்கே போனாலும் திரும்புகிற பறவை அல்லவா. புலி பதிந்திருந்தால் வாசலில் ஆபத்து, அங்கேயே இரு. இந்த மாதத்தோடு அவன் தவணை முடிகிறது. புலியைப் பார்த்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பெயர் கொடுத்துவிடுவான்.

இருவரும் அஞ்சல் சாவடிக்கு ஓடினார்கள். அஞ்சல்காரர் கோங் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் கட்டைக் குடுங்க. முத்திரையை மாத்தணும்."

"களிமண் காஞ்சாச்சும்மா. இனி உடைச்சா என் முதுகுத் தோலை உரிச்சிடுவாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க, நான் வரச் சொன்னேன்னு."

"போன தடவை ஒருத்தன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். 'இதுக்கு எவ்வளவு வாங்கின?'ன்னு கேட்டான்."

ஷுன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குதிரையை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு நாடாவிலிருந்து முத்திரையை அவிழ்த்தாள். தீப்பந்தத்துக்கு வைத்திருந்த பிசினை விரலால் வழித்து, புலி தெரியாதபடி அடைத்தாள்.

"கட்டோட இதையும் அவர்கிட்ட குடுங்க. வாத்து மட்டுந்தான் தெரியும்."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் லியாவ். "குளிக்கும்போதுகூடக் கழட்டாத பொருள். இது கைக்கு வந்தா நீ செத்துட்டேன்னு நினைப்பான்."

ஷுன்னின் கை அந்தரத்தில் நின்றது.

"செத்துட்டேன்னு நினைச்சா வருவாரா, மாட்டாரா?"

"அழுதுக்கிட்டே வருவான்."

"அழட்டும்."

கோங் முத்திரையை மடியில் செருகிக்கொண்டார். "வந்து உன்னை உயிரோட பார்த்தா என்னைத்தாம்மா திட்டுவான்."

"திட்டுறதுக்கும் வரணுமில்ல, அண்ணே. எத்தனை நாள்ல போய்ச் சேருவீங்க?"

"பதினெட்டு."

"பதினஞ்சுல போங்க," என்றாள் ஷுன்.