ஏழாம் கேமராவில் வெயில்

வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், பதினாறு கண்காணிப்புத் திரைகளுக்கு முன்னால் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள் அவள். அங்கே எல்லோருக்கும் அவள் கேமராக்காரி. விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வருகிறவளுக்கு வெயில் என்பது ஏழாம் கேமராவில் தெரியும் வாசல் மட்டும்தான்.

அந்த வாசலில் காவலர் வேலை காலியாகிறது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும். இரண்டு மாதத்தில் உடல்தகுதித் தேர்வு. இவளுக்கோ நாலு படி ஏறினாலே முழங்கால் கெஞ்சியது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், வைட்டமின் டி அடிமட்டத்தில் இருப்பதாகச் சொல்லி, வாரம் ஒரு மாத்திரை எழுதினார்.

வாரத்துக்கு ஒன்றாம்! அந்த அவசரக்குடுக்கைக்குப் பொறுக்குமா? தினம் ஒன்று போட்டாள். மருந்துக்கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் அட்டை அட்டையாக நீட்டினார்.

தடுக்க வந்த தங்கையின் வாயையும், “வைட்டமின்தானேடி, மிஞ்சினா ஒண்ணுக்குல போயிடும்” என்று அடைத்தாள்.

முதலில் கால்வலி குறைந்தது. அப்புறம் தீராத தாகம், குமட்டல், கிறுகிறுப்பு. தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது திரைகளுக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “பேருதாம்மா வைட்டமின். உடம்புக்குள்ள அது ஸ்டீராய்டு மாதிரி. செல்லுக்குள்ள போய் உட்கார்ந்து மரபணுவுக்கே உத்தரவு போடும். கால்சியத்தை இழு, இழுன்னு குடலை ரெண்டு மாசமா விரட்டியிருக்கு. ரத்தத்துல எகிறிப்போச்சு, கிட்னி திணறுது.”

“நிறுத்திடறேன் டாக்டர். எத்தனை நாள்ல வெளிய போகும்?”

“எங்க போகும்? கொழுப்புல பதுங்கிக் கிடக்கு. மாசக்கணக்கா கசியும். அதுவரைக்கும் பால் கூடாது, வெயிலும் கூடாது.”

“வெயிலுமா?”

“தோல்ல வெயில் பட்டா உடம்பே இன்னும் தயாரிக்குமே!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். கதவைத் தானே பூட்டிச் சாவியையும் தானே விழுங்கியிருக்கிறாள், யாரைத் திட்டுவது? தங்கை எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

மூன்று வாரம் கழித்து அடித்தளத்துக்கே திரும்பினாள். “உனக்கு இதுதாம்மா பாதுகாப்பான இடம்” என்றார் மேற்பார்வையாளர், உண்மையான அக்கறையோடு.

ஏழாம் கேமராவில் புதுக் காவலர் தெரிந்தார். வானத்தைப் பார்த்து முகம் சுளித்து, தொப்பியால் விசிறிக்கொண்டு, நிழலுக்குள் ஒதுங்கினார். அவர் நின்ற இடத்தில் வெயில் சும்மா கிடந்தது. ஷிப்ட் முடியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.