ஐஸில் போன ரத்தம்

சாந்தோம் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஆரோக்கியராஜின் இதயம் நின்றுபோனது. மயிலாப்பூர் மருத்துவமனையில் அதை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் கண் திறக்கவில்லை. மூச்சைக்கூட இயந்திரம்தான் விட்டுக்கொண்டிருந்தது.

அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி அந்த வருடம் ஓர் ஆராய்ச்சியில் இருந்தார். மூளையின் அணுக்கள் சாகும்போது அவற்றிலிருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கசியும். அதை அளந்து பார்த்தால், இப்படிக் கிடப்பவர்களில் யார் விழிப்பார்கள் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா? அளக்கும் வசதி அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. வெளியே பரிசோதனைக்குப் போகும் ரத்தத்தை நோயாளியின் வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். இந்த முறை கொண்டுபோனவள் ஆரோக்கியராஜின் மனைவி, மீன் விற்கும் ரோஸி.

முடிவு வந்தது. அவ்வளவு உயர்ந்த எண்ணோடு யாரும் விழித்ததாக ஸ்ரீலக்ஷ்மி படித்ததில்லை. ரோஸியிடம் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப மெசினக் கயட்டிடுங்க டாக்டரம்மா. வூட்டுக்கு இட்டுக்கினு போறேன். போற உசுரு எங்க சனத்துக்கு நடுவுல போவட்டும்."

ஸ்ரீலக்ஷ்மி தலையசைத்துவிட்டு ஆரோக்கியராஜின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்பாப்பா சுருங்கியது. உள்ளங்காலைக் கீறினார். கால் விலகியது. எண் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்கிறதே, ஏன்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பொறும்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து அடையாறு போனார்.

ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும் கலீமுல்லா, ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், அதாவது சீரத்தில், மிச்சமிருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஸ்ரீலக்ஷ்மி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது, ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது.

"இந்தக் கலரைப் பார்த்துமா அளந்தீங்க?"

"அவசரம் அவசரம்னு போன் மேல போன் போட்டது யாரு மேடம்?"

"நான்தான்" என்று ஒப்புக்கொண்டார் ஸ்ரீலக்ஷ்மி.

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள்ளும் அதே பொருள் உண்டு. அவை உடைந்தால் எண் பொய்யாக ஏறும். ஆனால் இத்தனை எப்படி உடைந்தன? திரும்பி வந்து ரோஸியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தத்தை எப்படிக் கொண்டுபோனாள் என்று கேட்டார்.

"சில்லுனு வெச்சிக்கினு போன்னு சொன்னாங்க. வெயிலு கொளுத்துது. மீன் பொட்டியில ஐஸ நொறுக்கி, உப்புத் தூவி, உள்ள பொதைச்சேன். வஞ்சிரத்துக்கே அப்டி பாத்துக்கறோம், எங்காளு ரத்தத்துக்குச் செய்யமாட்டனா? போய்ச் சேரச்சொல்லோ கல்லு மாரி கீது. கதவு தொறக்கறவரைக்கும் கையில வெச்சிக் கரைச்சேன்." அவள் முகம் மாறியது. "இன்னாம்மா, தப்பாப் பூட்சா?"

"தப்பு எங்களோடது. எவ்வளவு சில்லுனு நாங்க சொல்லலை. ரத்தம் ஐஸா உறைஞ்சதில சிவப்பணுவெல்லாம் உடைஞ்சு அந்த நம்பர் பொய்யாயிடுச்சு. மறுபடி எடுக்கறேன்."

"இந்த தபா நீயே எடுத்துக்கினு போ."

"ரெண்டு பேரும் போலாம், வா."

புதிய எண் பழையதில் பாதிகூட இல்லை. ஆனாலும் நல்லது என்று சொல்ல முடியாத, கெட்டது என்றும் சொல்ல முடியாத இடத்தில் நின்றது.

"எனக்குத் தெரியலை ரோஸி" என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

"தெர்லன்னு சொல்ற டாக்டர இப்பதான் பாக்கறேன்" என்றாள் ரோஸி. "தெர்லன்னா மாதாகிட்ட கேக்கலாம். மெசினு இருக்கட்டும்."

பதில் சொல்ல மாதா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ஆரோக்கியராஜ் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு மற்றதை. எதிரில் இருப்பவள் யாரென்று நினைவு வர மேலும் பல நாட்கள் ஆயின. அதுவரை ரோஸி தினமும் அவர் கட்டிலருகே வந்து, தன் பெயரைச் சொல்லி, புதிதாகப் பார்ப்பவரிடம் பேசுவதுபோல் மரியாதையாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.