ஒரு வாளி நல்ல தண்ணீர்

பேட்டரி பைக் வந்த பிறகுதான் ஷெர்லிக்கு மீன் வியாபாரம் ஒரு வியாபாரமாக இருந்தது. அதற்கு முன்பெல்லாம் மீன்கூடையோடு பஸ் ஏறினால் சண்டை, ஏறாவிட்டால் மீன் கெட்டுப்போகும். இப்போது பின்பெட்டி நிறைய சாளை மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு இரணியல் வரைக்கும் ராணி மாதிரி போய்வந்தாள். அந்த வண்டிதான் ஒருநாள் அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது.

காரணம் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காரணத்துக்குத்தான் கழுத்தை நீட்டியிருந்தாள்.

அவள் கணவன் மரியஜான் கடலுக்குப் போகிறவன். கரை வந்ததும் வள்ளத்து எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுக்காமல் வீடு திரும்ப மாட்டான். "எஞ்சின்னா எல்லாம் ஒண்ணுதாம்ட்டி" என்று பைக்கின் மோட்டாருக்கும் தினம் வாளி வாளியாக ஊற்றினான். வாரண்டிப் புத்தகம் அதைத்தான் கூடாது என்றது.

வடசேரி சர்வீஸ் கடை வாசலிலேயே சொல்லிவைத்தாள். "கேட்டா மழையில நனஞ்சதுன்னு நான் சொல்லுவேன். மழைக்கு வாரண்டி உண்டு. நீங்க வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா?"

மரியஜான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

மெக்கானிக் ஷிஜின் மோட்டாரைக் கழற்றினான். உள்ளே தண்ணீர் நின்றது.

"கழுவினியளாக்கா?"

"மழ" என்றாள் ஷெர்லி.

அவன் சட்டத்தைத் தடவிப் பார்த்தான். "கடக்கரை வண்டியெல்லாம் துரு தின்னுதான் வரும். இது புதுசு மாதிரி கெடக்கே!"

நுணலும் தன் வாயால் கெடும். "பின்ன! தெனமும் நல்ல தண்ணில குளிப்பாட்டுதது நானாக்கும்!" என்றான் மரியஜான்.

ஷெர்லி கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் கூடை, மறுபடியும் பஸ். காதைப் பிடித்துத் திருகலாம் என்று திரும்பினால், அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. பாவம், பிரியத்தில் செய்தது. திட்ட வாய் வரவில்லை.

"அப்போ வாரண்டி கிட்டாதுக்கா" என்ற ஷிஜின், வயர் நுழையும் துளையில் டார்ச் அடித்தான். விரலை விட்டுத் துழாவினான். "இங்க தண்ணி ஏறாம இருக்க ஒரு ரப்பர் வளையம் மாட்டணும். ஒங்க வண்டிக்கு கம்பெனியிலயே அத மாட்டல்ல. துரு இருந்திருந்தா பழசாகி வுழுந்துட்டுன்னு சொல்லித் தப்பிச்சிருவாங்க. இது சுத்தமா இருக்கதுனால மாட்டாததே தெளிவாத் தெரியுது. நீங்க கழுவாட்டியும் நல்ல மழைக்கு தண்ணி ஏறியிருக்கும். போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்புதேன், வாரண்டியிலயே புது மோட்டார் கிட்டும். ஆனா அண்ணே, இனி ஈரத்துணி மட்டுந்தான்!"

புது மோட்டார் மாட்டி வண்டி வீடு வந்த அன்று சாயங்காலம், பழக்கதோஷத்தில் மரியஜான் வாளி நிறைய தண்ணீரோடு வந்தான். வண்டியைப் பார்த்ததும் ஞாபகம் வந்து, வாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். ஷெர்லிக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, செதிலும் உப்பும் ஒட்டிக் கிடந்த கால்களை நீட்டினாள்.

"இங்க ஊத்துங்க. இதுக்கு வாரண்டி ஒண்ணும் கெடையாது, நீங்கதான் பாத்துக்கணும்."