காற்றில் வந்த எட்டு நிமிடம்

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அவர் தொலைக்காட்சியில் வருவதாக இருந்தது. சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை டிவி போடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தமிழ் டிவி நிகழ்ச்சிக்குப் படம் எடுப்பவர்கள் மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். அப்பாவைத் தேடி வரவில்லை, எருமைகளைத் தேடி வந்தார்கள். லோரி டயர் புதைந்துபோகும் சதுப்பு நிலத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை இழுத்து வர இங்கே இன்னும் எருமை வண்டிதான். அப்பா முப்பத்தொரு வருடமாக அந்த வண்டிக்காரர். படம் எடுக்கிறோம் என்றாலே அவருக்குக் கொட்டகையில் வேலை ஞாபகம் வந்துவிடும். என் பட்டமளிப்புப் படத்தில் அவருடைய ஒரு தோள் மட்டும் இருக்கிறது. என் அண்ணன் செல்வாவின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடும். அதில் நான்கு இடத்தில் அப்பாவின் முதுகு வருகிறது, எண்ணியிருக்கிறேன். மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடி, கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். அதில் அவர் போலீஸ்காரர் நிறுத்திய மோட்டார் சைக்கிள்காரர் மாதிரி முழிக்கிறார். ஆனால் டிவிக்காரர்கள் வந்த அன்றைக்கு எருமையை விட்டுப் போக மனமில்லாமல் கேமரா முன்னால் நின்றிருக்கிறார்.

ஒளிபரப்பு நாளைச் சொல்லக் கூப்பிட்ட பெண்ணிடம் அப்பா போய்விட்ட செய்தியைச் சொன்னேன். அப்பா எட்டு நிமிடம் வருகிறார் என்றாள். மறு ஒளிபரப்பு கிடையாது, இணையத்திலும் போட மாட்டார்கள், நகல் கிடைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். பக்கத்து வீட்டு அம்சவள்ளி அக்கா தன் வீட்டு டிவியைப் போட்டுக் கைப்பேசியில் பிடித்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் சாவு என்றால் மற்ற வீடுகளிலும் டிவி சத்தம் கேட்காது. சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. நான் வற்புறுத்தவில்லை.

என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ரவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கிழட்டுப் பெட்டி. வேறு எதுவும் அதில் ஓடாது என்பதால் லினக்ஸ் போட்டிருந்தேன். உள்ளே இருப்பது டிவி அலையைப் பிடிக்கும் மிகச் சாதாரணமான ஒரு ட்யூனர் கார்டு. ஏரியல் ஒயரைச் செருகி ஒரே ஒரு வரி கட்டளை தட்டினால் வானத்தில் வருவதை அப்படியே அள்ளி ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டே இருக்கும். படத்தைக் காட்ட வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை.

வீட்டுக்குச் சட்டம் சொல்பவர் தங்கராஜு பெரியப்பா, அப்பாவின் அண்ணன், ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர். அவரிடம் போனேன்.

"டிவி போடல பெரியப்பா. படமும் வராது, சத்தமும் வராது. கம்ப்யூட்டர் எடுத்து வெச்சுக்கும், அவ்ளோதான்."

"படமே வராம எப்படி புள்ள எடுக்கும்?"

"காத்துல வர்றத புடிச்சி வெச்சுக்கும். கருமாதி முடிஞ்சி தொறந்து பாத்துக்கலாம்."

"நாலு பேரு பேசுவாங்க லா," என்றான் பக்கத்தில் நின்ற அண்ணன்.

பெரியப்பா வெகுநேரம் வெற்றிலையை மென்றார். "அப்போ நாம பாக்கல."

"பாக்கல."

"சரி. பாக்காம எடு."

சனிக்கிழமை இரண்டு இருபத்தைந்துக்கு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். கட்டளையைத் தட்டியதும் 'லாக்' என்று வந்தது. நிலையத்தைக் கார்டு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பக்கத்தில் சிக்னல் அளவு, எழுபத்தெட்டு விழுக்காடு. கீழே இன்னொரு எண், ஃபைலின் அளவு, விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் அருகில் உட்கார்ந்தார். ஒன்பது நாளில் அவர் தானாக எழுந்து வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"இதுல ஒங்கப்பா எங்க?"

"இந்த நம்பரு கூடுது பாரு மா. அவரு வந்தா இதுக்குள்ளதான் போவாரு."

"இப்ப வர்றாரா?"

"தெரியாது மா. எனக்கும் தெரியாது."

அம்மா அந்த எண்ணையே பார்த்தார். எட்டு வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறேன், ஃபைல் ஏறுவது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அப்பா பக்கத்து ஊர் சுங்கை புரோங் வயல்களுக்கு மேலே, செம்பனை மட்டைகளுக்கு ஊடாக, அடக்கம் செய்த இடத்துக்கு மேலேயும்கூடப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கூரை வழியாக, என் வழியாக, அம்மா வழியாகவும் போயிருப்பார். இத்தனை பேரில் அவரைப் பிடிக்கத் தெரிந்தது தீப்பெட்டி அகலத்தில் இருக்கும் அந்தக் கார்டுக்குத்தான். நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இரண்டு நாற்பதுக்குக் காற்று கிளம்பியது. எழுபத்தெட்டு அறுபதானது, நாற்பதானது. 'லாக்' மறைந்து மறைந்து வந்தது. நான் வெளியே ஓடினேன். வாசல் கூடாரம் புடைத்து எழும்பிக்கொண்டிருந்தது. அதன் ஒரு மூலைக் கயிறு எங்கள் ஏரியல் கம்பத்தில் கட்டியிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் கூடாரக் கயிறு கட்ட எது கைக்கு வருகிறதோ அதில்தான் கட்டுவார்கள், யாரும் ஏரியலை யோசிப்பதில்லை.

"எவன் இங்க கட்டுனது?" என்றேன்.

அண்ணன்தான் கட்டியிருந்தான். மழை இறங்கியது. முடிச்சு நனைந்து அவிழ மறுத்ததும் அரிவாளால் கயிற்றை வெட்டிவிட்டுக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே ஓடி எண்ணைப் பார்த்துக் கத்தினேன். நாப்பத்தஞ்சு. அவன் திருப்பினான். முப்பது. மறுபடி திருப்பினான். சரிந்த கூடாரத்துக்குள் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "கெழக்கால திருப்புடா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாம பாக்கல இல்ல?" என்று கேட்டுக்கொண்டார். நாலு பேர் பேசுவார்கள் என்ற என் அண்ணன் நாலு பேர் பார்க்க மூன்று மணிவரை மழையில் கம்பத்தோடு நின்றான்.

ஃபைல் மிஞ்சியது. அதில் அப்பா மிஞ்சினாரா என்று தெரியாது. ஏழு நாள் அதைத் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தினமும் தோன்றும். பெரியப்பாவிடம் கொடுத்த வாக்கை நினைத்துப் பேசாமல் இருந்தேன். மூன்று பென்டிரைவில் நகல் எடுத்தேன். மூன்றிலும் சிக்னல் அறுந்த அதே ஓட்டைதான் இருக்கும் என்பது தெரிந்தும் எடுத்தேன்.

கருமாதி முடிந்து, சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அம்மா, பெரியப்பா, அண்ணன், நான் என நான்கு பேரும் அந்தக் கிழட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்தோம். "அப்பா வராமலும் போயிருக்கலாம் மா," என்றேன்.

"போடு," என்றார் அம்மா.

எருமைகள் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தன. கொம்பில் ஒட்டிய சேறுகூடத் தெரிந்தது. பிறகு வண்டியின் பின்னாலிருந்து அப்பா வந்தார். வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கை, தொப்பி, எருமையின் முதுகு எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. எருமையைப் பற்றிச் சொல்லும் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. "இதுக்கு கோவம் வந்தா நான் பேச மாட்டேன். தானா வரும்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கயிறு கட்டிய கையை மற்றொரு கையால் மூடிக்கொண்டிருந்தான்.

சட்டென்று கட்டங்கள் ஒன்றுகூடி முகமாயின. அதோடு படம் உறைந்து நின்றது. ஒலியும் இல்லை. அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்த நொடியும் படம் நகர்ந்துவிடும் என்று எனக்குப் பதறியது, கை விசைப்பலகைக்குப் போனது.

"நிறுத்தி வைக்கவா மா?"

"வேணாம்," என்றார் அம்மா. "அவராத்தான் நிக்கிறாரு."

அம்மா எழுந்து திரைக்கு முன்னால், அப்பாவின் பார்வைக்கு நேராகப் போய் நின்றார். நழுவியிருந்த வெள்ளைச் சேலைத் தலைப்பைத் தோளில் ஏற்றினார். கன்னத்தில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.